யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்: மதுரை கீழமாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடை

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. உரை மருந்து (கல்லில் உரசிக் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவது) கொடுக்க வேண்டும், வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் நாலும் வாங்கி வா என்று அம்மா என்னை அனுப்பினார். கீழமாசி வீதியில் அதற்கு முன்னால் நான் மிளகாய், மல்லி, பருப்புதான் வாங்கியிருக்கிறேன், நாட்டு மருந்துக் கடைப் படி ஏறியது அன்றைக்குத்தான். சீட்டை நீட்டினேன். கடைக்காரர் வசம்பை டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டே "யாருக்கும்மா?" என்றார். தங்கச்சி பிள்ளைக்கு என்றேன். "எத்தனை நாளு?" இருபது நாள் அண்ணாச்சி. அவ்வளவுதான், எடுத்த வசம்பைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தாம்மா. ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பாங்களே. வசம்பு வேணும்னா வளையமா கோத்துத் தாரேன், தொட்டில் கம்புல கட்டுங்க. வாயில வைக்க வேணாம். தாய்க்குப் பொடி பண்ண சாமான் தாரேன், தாய்க்குச் செரிச்சாத்தான் பிள்ளைக்குச் செரிக்கும்."

அம்மாவுக்குக் கோபம்தான். உங்கள் மூன்று பேரையும் உரை மருந்து கொடுத்துத்தானே வளர்த்தேன் என்றார். அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் நானே கேட்டேன், அவரும் அதையே சொன்னார், கூடவே தேனும் ஒரு வயது முடியும் வரை நாக்கில் தடவக் கூடாது என்றார். வசம்பில் அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதைக் காரணம் காட்டி அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். விற்றால் காசு வரும் பொருளை விற்காமல் திருப்பிப் போட்ட அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அன்றிலிருந்து மூன்று வருடமாக மாதம் ஒரு முறை அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் தாயி, இருக்கிற ஆளுக்கே பதில் சொல்லி முடியல" என்றார். விளக்குத்தூணிலிருந்து தேர்முட்டி வரைக்கும் நடந்தால் இந்த மாதிரிக் கடைகள் கண்ணில் படும். எந்தக் கடைக்குப் போனாலும் சரி, எதைப் பார்க்க வேண்டும், எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் போகிறவர்களுக்கு ஒன்று. காலையில் போகாதீர்கள். அந்த வீதி முழுக்க மொத்த வியாபாரம், மூட்டை இறக்குகிற வண்டிகள் நிற்கும், ஸ்கூட்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. நான் மூன்று மணிக்கு மேல் போகிறேன். அப்போது அண்ணாச்சிக்கும் பேச நேரம் இருக்கும். கடை உள்ளே போனால் சுவர் முழுக்க டப்பா, கீழே சாக்கு, மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கும் வேர்க் கட்டுகள், எல்லாம் கலந்து ஒரு வாசனை வருமே, எனக்கு அது எங்கள் ஆச்சியின் முந்தானை வாசனை.

இவரிடம் பொடியாக எதுவும் அனேகமாகக் கிடையாது. சுக்குப் பொடி கேட்டால் சுக்கு தருவார். வீட்டில் உரல் இருக்கிறதா என்று கேட்பார், இல்லை என்றால் எதிர்ச் சாரியில் ஒரு பாத்திரக் கடையைக் காட்டி சின்ன இரும்பு உரல் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்வார். முதலில் எனக்கு இது தொந்தரவாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்து யார் இடிப்பது என்று நினைத்து, இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் சுக்குப் பொடி, திரிகடுகப் பொடி (சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது), மஞ்சள் பொடி மூன்றும் வரவழைத்தேன். அழகான டப்பா, மூடியில் தாமரைப் படம். திறந்தால் சுக்குப் பொடியில் சுக்கு வாசனையே இல்லை, நாக்கில் வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. மஞ்சள் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். நல்ல மஞ்சள் என்றால் தூள் கீழே போய்ப் படிந்து மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். இது தம்ளர் முழுக்கப் பளீர் மஞ்சளாக நின்றது. ஈயம் கலந்த நிறமிகளை மஞ்சளில் கலக்கிறார்கள் என்று எத்தனையோ முறை செய்தி வந்திருக்கிறது. பிள்ளைகள் குடிக்கிற பாலில் போடுகிற பொருள். அப்படியே குப்பையில் கொட்டினேன்.

பொடியில் எதையும் கலக்கலாம், முழுசில் கலப்பது கஷ்டம். கலப்படமே இல்லாவிட்டாலும் பொடித்து வைத்தால் சுக்கிலும் ஓமத்திலும் இருக்கிற எண்ணெய்ப் பசை காற்றோடு போய்விடும், மிச்சம் சக்கைதான். அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்கிறேன். பெரியவள் சலிப்பாள், சின்னவன் இடிப்பான்.

முழுசிலும் ஏமாற்று உண்டு. மிளகில் பப்பாளி விதை கலப்பார்கள், தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு கீழே போகும், பப்பாளி விதை மிதக்கும். (பருவம் வராத இளமிளகும் மிதக்கும், அதனால் ஒன்றிரண்டு மிதந்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கடித்துப் பாருங்கள்.) சுக்கில் வெள்ளை வெளேர் என்று இருப்பது சுண்ணாம்பு பூசியது, பூச்சி விழாமல் இருக்கவும் பார்க்க அழகாக இருக்கவும் பூசுகிறார்கள். அண்ணாச்சியிடம் இரண்டும் இருக்கும், "சாப்பிடவா?" என்று கேட்டுவிட்டுப் பூசாத பழுப்புச் சுக்கைத்தான் எடுப்பார். அதையும் தோல் சீவித்தான் போட வேண்டும். சுக்குக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கடுக்காயில் உள்ளே இருக்கிற கொட்டையைத் தட்டி எடுத்துப் போட்டுவிட்டு மேல் சதையை மட்டும் எடுக்க வேண்டும்.

பெருங்காயமும் அப்படித்தான். நாம் வழக்கமாக வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவும் பிசினும்தான், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இது முக்கியம். பால் பெருங்காயம் விலை கூடுதல், ஆனால் கடுகு அளவு போட்டால் போதும், ஒரு சின்னக் கட்டி எங்கள் வீட்டில் நான்கு மாதம் வருகிறது.

சரி, சமையலுக்கு வருகிறேன், இந்தக் கடையால் எங்கள் வீட்டில் உண்மையில் மாறியது அடுப்படிதான். மருந்து வாங்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் படி ஏறினேன், இப்போது என் பையில் வருவதில் முக்கால்வாசி சாப்பாட்டுச் சாமான்.

அன்றைக்குத் தங்கைக்காக அவர் கட்டிக் கொடுத்தது அங்காயப் பொடிக்கான சாமான்கள். சுண்டை வற்றல் 50 கிராம், மணத்தக்காளி வற்றல் 50 கிராம், வேப்பம்பூ 25, மிளகு 25, சீரகம் 25, ஒரு விரல் நீளம் சுக்கு, கொஞ்சம் பெருங்காயம். வீட்டில் இருக்கும் தனியா இரண்டு ஸ்பூன், கடுகு ஒரு ஸ்பூன், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகத் தனித்தனியாக வெறும் இரும்புச் சட்டியில் வறுப்பதுதான் இதில் சூட்சுமம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சீரகம் கருகிவிடும், சுண்டை வேகாமல் நிற்கும். வேப்பம்பூவை எப்போதும் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே புரட்டுங்கள், இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் கரியாகிவிடும், அந்தக் கசப்பு பொடி முழுவதையும் கெடுத்துவிடும். நான் முதல் முறை அப்படித்தான் கெடுத்தேன். சூடான சோறு, ஒரு ஸ்பூன் நெய், ஒரு ஸ்பூன் பொடி, சாப்பாட்டின் முதல் பிடி இதுவாக இருக்க வேண்டும். தங்கை நாற்பது நாள் சாப்பிட்டாள். வயிற்று உப்புசம் இல்லை, நன்றாகப் பசித்தது என்றாள். அவளுக்காகப் பண்ணியது இப்போது எங்கள் எல்லார் வீட்டிலும் மேஜையில் ஊறுகாய் பக்கத்தில் நிற்கிறது.

சுண்டை வற்றல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மோரில் ஊறப்போட்டுக் காயவைத்தது ஒன்று, உப்பில்லாமல் சும்மா காயவைத்தது ஒன்று. முதலாவதில் உப்பு அள்ளிப் போட்டிருப்பார்கள். என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மோர்ச் சுண்டையைப் பொரித்து வத்தக்குழம்பும் வைத்துக்கொண்டு உப்பைக் குறைக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. உப்பில்லாதது கேட்டால் உள்ளே இருந்து எடுத்துத் தருவார், கேட்காவிட்டால் வராது.

கண்டந்திப்பிலி ரசத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். திப்பிலியில் இரண்டு உண்டு. அரிசித் திப்பிலி என்பது காய், கண்டந்திப்பிலி என்பது அதன் வேரும் தண்டும், குச்சி குச்சியாக, கணுக் கணுவாக இருக்கும். எனக்கு இந்த வித்தியாசமே தெரியாது, இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். காய்ச்சல் வந்து போன பிறகு உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிக்குமே, அதற்கு அண்ணாச்சி சொன்ன ரசம் இது. விரல் நீளக் குச்சி நான்கைந்து எடுத்து உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள், சும்மா மிக்ஸியில் போட்டால் நாராகச் சுற்றிக்கொள்ளும். நெய்யில் அதோடு ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் துவரம் பருப்பு, ஒரே ஒரு வற்றல் மிளகாய் சேர்த்து வறுத்து, கடைசியில் சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு இறக்கி, ஆறியதும் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். சின்ன எலுமிச்சை அளவு புளி கரைத்து, மஞ்சள், உப்பு, பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அரைத்ததை ஊற்றி, வேண்டிய தண்ணீர் விட்டு நுரை கட்டி வரும்போது இறக்கிவிடுங்கள். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தக்காளி, பூண்டு எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனைக்கே எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். குடித்துவிட்டுப் படுத்தால் வியர்வை விட்டு, காலையில் உடம்பு இலேசாகிவிடுகிறது, குறைந்தபட்சம் எனக்கு அப்படித்தான். ஒன்று மட்டும், இது காரமான சமாச்சாரம். வயிற்றுப் புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொட வேண்டாம் என்று அவர் சொன்னார், நானும் அவர்களுக்கு வைத்துத் தருவதில்லை.

சுக்கு மல்லி காபிக்கு எங்கள் வீட்டு அளவு: மல்லி 100 கிராம், சுக்கு 50, மிளகு 10, திப்பிலி நாலு, ஏலக்காய் ஆறு. மல்லியை மட்டும் இலேசாக வறுத்து, எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாக இடித்து வைத்துக்கொள்கிறோம். மாலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடிப்பது இதுதான், டப்பாவில் அடைத்து விற்கிற சாக்லேட் பானத்தை ஒரு வருடம் முன்பு நிறுத்திவிட்டோம். இனிப்புக்குக் கருப்பட்டி. அதுவும் இங்கேதான் வாங்குகிறேன், உடன்குடிச் சரக்கு என்கிறார். சீனி கலந்த கருப்பட்டிதான் இப்போது எங்கும், உடைத்தால் உள்ளே கல்கண்டு மாதிரி மினுங்கும், மழைக்காலத்தில்கூட கல்லு மாதிரியே இருக்கும். நல்ல கருப்பட்டி ஈரக்காற்றுக்குக் கசிந்து இளகும், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சமாகத்தான் வாங்கச் சொல்வார். என் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. கருப்பட்டி நல்லதுதானே என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், அண்ணாச்சியிடம் வந்து கேட்டபோது, "ஐயா, அதுவும் இனிப்புதான், ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி அனுப்பினார். இப்போது மாமனாருக்கு இனிப்பில்லாத சுக்குத் தண்ணீர்தான்.

இந்த இடத்தில் அதிமதுரக் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாட்டு மருந்து என்றாலே பக்க விளைவு இல்லை என்று நம்புகிறவர்கள் என்னைச் சுற்றி அதிகம், நானும் அப்படித்தான் நம்பினேன். அத்தைக்குத் தொண்டை கட்டி, இருமல் பத்து நாளாக நிற்கவில்லை. அதிமதுரம் நூறு கிராம் கேட்டேன், தினமும் கஷாயம் வைத்துக் கொடுக்கலாம் என்று. வழக்கம்போல யாருக்கு, என்ன வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள். 68 வயது, பிரஷர் மாத்திரை என்றேன். தர முடியாது என்றுவிட்டார். ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதற்கே டாக்டரைக் கேட்க வேண்டும், தினமும் கஷாயம் என்றால் பிரஷர் ஏறும் என்றார். அத்தையின் மருத்துவரிடம் கேட்டேன். அதிமதுரத்தில் இனிப்பைத் தருகிற பொருளே உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தங்க வைத்துப் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும், பிரஷர்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது ஆபத்து என்று அவர் விளக்கினார். பதிலாக அண்ணாச்சி கொடுத்தது பத்து ரூபாய்க்குச் சித்தரத்தை. சுண்டு விரல் நுனி அளவு உடைத்து வாயில் அடக்கிக்கொண்டு சாற்றை விழுங்குவது. தொண்டைக்கு இதமாக இருந்தது என்று அத்தை சொன்னார். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பியதும் அதே அண்ணாச்சிதான். காசநோயைச் சித்தரத்தையால் தீர்க்க முடியாது என்று ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரரே சொன்னதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

நிலவேம்புக் குடிநீர் விஷயத்திலும் அப்படித்தான். 2012இல் டெங்கு வந்தபோது அரசே கொடுத்ததிலிருந்து அதற்கு இங்கே பெரிய பெயர். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. சில கடைகளில் வெறும் நிலவேம்பை இடித்து இதுதான் குடிநீர்ப் பொடி என்று கொடுத்துவிடுகிறார்கள். அண்ணாச்சி தானே கலந்து கொடுப்பதில்லை, உரிம எண்ணும் தயாரித்த தேதியும் அச்சடித்த பொட்டலத்தைத்தான் தருவார். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் ரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் சொல்வார், வரிசையில் நிற்கும்போது நானே பத்து முறை கேட்டிருக்கிறேன். பற்பம், செந்தூரம் என்று உலோகம், தாது முதலியவற்றைப் புடம் போட்டு எடுக்கிற மருந்து எதுவும் விற்பதில்லை. அதெல்லாம் வைத்தியர் நாடி பார்த்துக் கொடுக்க வேண்டியது, அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்து லேகியச் சாமான் கட்டாகக் கிடைக்கும். சுக்கு, மிளகு, இரண்டு திப்பிலியும், சித்தரத்தை, ஓமம், சீரகம், மல்லி, எல்லாம் ஒரு குடும்பத்துக்கு அளவாக. ஊறவைத்து அரைத்து, வெல்லப் பாகில் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, ஓரத்தில் எண்ணெய் பிரிகிற பதத்தில் இறக்கி, நன்றாக ஆறிய பிறகு தேன் விட வேண்டும். கடையில் ஆயத்தமாக விற்கிற லேகியத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. சின்னவன் அதிரசத்தை விட்டுவிட்டு இதைத் தேடுகிறான்.

இனி குறைகள். இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய குறை, பொட்டலத்தில் பெயர் எழுதுவதில்லை. எல்லாம் ஒரே மாதிரி பழைய செய்தித்தாள், ஒரே நூல். போன வருடம் அமுக்கராக் கிழங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் ஒரே நாளில் வாங்கினேன், இரண்டும் வெளிறிய வேர்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால் எது எது என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பழகாத ஒருவர் தப்பானதை எடுத்துக் கஷாயம் வைத்துவிட்டால் என்ன ஆவது? இதை அவரிடம் நேராகவே சொன்னேன். தலையை ஆட்டினார், இன்னும் எழுதவில்லை. அதனால் நான் ஒரு பேனா கொண்டு போகிறேன், அவர் கட்டக் கட்ட நானே பெயரும் தேதியும் எழுதிக்கொள்கிறேன். அச்சு மை உள்ள தாளில் உணவுப் பொருள் கட்டுவதும் நல்லதில்லை, இப்போது வீட்டிலிருந்து சின்னத் துணிப்பைகள் பத்து தைத்து எடுத்துப் போகிறேன், அதில் போட்டுத் தருகிறார், முகம் சுளிப்பதில்லை.

எந்தச் சரக்கு எப்போது வந்தது என்று கேட்டால் சில நேரம் சரியான பதில் வராது. ஒரு முறை வாய்விடங்கத்தில் பூச்சி இருந்தது, திருப்பிக் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டு பணத்தைத் தந்தார். ஓமத்தில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும், புடைத்துத்தான் எடுக்க வேண்டும். குளியல் பொடி வாங்க வேண்டாம், பச்சைப்பயறு வாசனையைத் தாண்டி வேறு ஏதோ செண்டு வாசனை அடிக்கிறது, என் மகளுக்குக் கழுத்தில் அரித்தது. அது வெளியிலிருந்து வருகிற சரக்கு என்றார். அப்படியென்றால் விற்காமல் இருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். கூட்ட நேரத்தில் காத்திருக்கவும் வேண்டும், ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கேள்வி கேட்டால் பின்னால் நிற்பவருக்குக் கால் கடுக்காதா. ஆனால் அந்தக் கேள்விக்காகத்தானே போகிறோம், அதனால் இதை நான் குறையாகச் சேர்க்கவில்லை.

விலை பக்கத்துக் கடைகளைவிட ஐந்து பத்து ரூபாய் கூடவே இருக்கும். ஆனால் பத்து கிராம் கேட்டாலும் நிறுத்துத் தருகிறார், இதுதான் எனக்குப் பெரிய லாபம். திப்பிலி, ஜாதிக்காய், ஜாதிபத்திரி எல்லாம் கால் கிலோ வாங்கி யார் வீட்டில் தீர்க்க முடியும், டப்பாவில் கிடந்து வண்டு விழும். போன மாதம் ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு, கருப்பட்டி சேர்க்காமல், 380 ரூபாய் ஆனது. ஜிபே இருக்கிறது, ஆனால் சில்லறையாகக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்.

போகும்போது வீட்டில் யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், கேட்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் ஆரம்பிக்க வேண்டாம், அவர் தந்தாலும் வேண்டாம்.

நேற்றும் போயிருந்தேன். வேப்பம்பூ கேட்டேன். டப்பாவைத் திறந்து காட்டி, "போன வருசத்துப் பூ தாயி, பொடிப்பொடியா உதிருது, வேணாம்" என்றார். இப்போதுதான் மரங்களில் பூ பிடித்திருக்கிறது, சித்திரை கடைசியில் புதுச் சரக்கு வந்துவிடுமாம். நூறு கிராம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, துணிப்பை ஒன்றை என் பெயர் எழுதி அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.